பழைய ஹொரைசன் டிஸ்க் இருக்கு: ஃப்ரோசன் வைல்ட்ஸ் மட்டும் வாங்குறதா, கம்ப்ளீட் எடிஷனே வாங்குறதா?

காட்பாடி_பேட்:

எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்4 ஸ்லிம், 500 ஜிபி. ஹொரைசன் ஜீரோ டான் சாதா டிஸ்க், செகண்ட் ஹேண்ட். லெவல் 27. அதோட எக்ஸ்பான்ஷன், அதாவது கூடுதல் கதைப் பாகம், ஃப்ரோசன் வைல்ட்ஸையும் சேர்த்து ஆடி முடிக்கணும். அதை மட்டும் ஸ்டோர்ல தனியா வாங்கலாமா, ரெண்டும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷன் பழைய டிஸ்க்கா தேடலாமா, இல்ல பிஎஸ்5 வாங்கின பிறகு புதுப்பிச்ச பதிப்பான ரீமாஸ்டர்ல பாத்துக்கலாமா? இப்ப இருக்கிற சேவ் (ஆடின வரைக்குமான பதிவு) வீணாகக் கூடாது, அதுதான் முக்கியம். வீட்டு நெட் 30 எம்பிபிஎஸ். வெயில் ஏற ஏற கரண்ட்டும் போய்ப் போய் வருது. பழைய டிஸ்க் வாங்குறதா இருந்தா கடையில எதைப் பாத்து வாங்கணும்?

கோட்டை_அகழி:

தம்பி, காசு கட்டுறதுக்கு முன்னாடி டிஸ்க்கை வெளியே எடுத்துப் பாருங்க. டிஸ்க் மேலயும் கேஸ் முதுகுலயும் சி-யு-எஸ்-ஏன்னு ஆரம்பிச்சு ஐந்து இலக்க எண் அச்சடிச்சிருக்கும். கேஸ் பின்பக்கம் சின்ன பூமி உருண்டைப் படத்துல ஒரு எண் இருக்கும். 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. பிஎஸ்4 எந்த ஊர் டிஸ்க்கையும் ஓட்டும். அதனாலதான் எல்லாரும் இதைக் கண்டுக்க மாட்டாங்க. ஆனா எக்ஸ்பான்ஷன் விஷயம் வேற. டிஸ்க் எந்த ஊர் வரிசையோ (அந்த உருண்டை எண்), அதே வரிசை ஸ்டோர்ல வாங்கின எக்ஸ்பான்ஷனைத்தான் அந்த கேம் ஏத்துக்கும்.

நம்ம இந்திய ஸ்டோர் ஐரோப்பிய வரிசையில வருது. உங்க டிஸ்க் 2ன்னா நேரா இந்திய அக்கவுண்ட்ல வாங்கலாம். 3ன்னா நிறுத்துங்க. இந்திய அக்கவுண்ட்ல வாங்கினா பணம் போகும், ஃபைலும் இறங்கும், கேமுக்குள்ள மட்டும் ஒண்ணும் தெரியாது. கேம் அந்த ஃபைலைத் தனக்குச் சொந்தமானதா பாக்கவே பாக்காது. பேட்ச் (திருத்த அப்டேட்) போட்டாலும் டேட்டாபேஸ் சரிபண்ணினாலும் இது தீராது.

உறுதி பண்ணிக்க ஒரு வழி சொல்றேன். ஸ்டோரை பிரவுசர்ல திறந்து எக்ஸ்பான்ஷன் பக்கத்துக்குப் போங்க. முகவரிப் பட்டையில நீளமா ஒரு குறியீடு வரும். முதல் ரெண்டு எழுத்து இ-பின்னா ஐரோப்பா, யு-பின்னா அமெரிக்கா, எச்-பின்னா ஆசியா. அதுக்குப் பின்னாலயே சி-யு-எஸ்-ஏ எண்ணும் இருக்கும். அது டிஸ்க்குல இருக்கிற எண்ணோட பொருந்தினா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

இன்னொண்ணு, பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) ஸ்டோர்ல 14 நாளுக்குள்ள பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனா டவுன்லோட் ஆரம்பிச்சிருக்கக் கூடாது. அதனால வாங்கின கையோட தானா இறங்குறதை நிறுத்திட்டு, எண்ணைச் சரிபாத்த பிறகு தட்டுங்க.

பழைய டிஸ்க் கடையில "கம்ப்ளீட்"னு எழுதியிருக்கிறதை மட்டும் நம்பாதீங்க. சில கேம்கள்ல கூடுதல் பாகம் டிஸ்க்கிலேயே இருக்கும், சிலதுல கேஸுக்குள்ள ஒரு வவுச்சர் சீட்டா இருக்கும். வவுச்சரை முதல்ல வாங்கினவர் போட்டுட்டா முடிஞ்சது, அது அவர் அக்கவுண்ட்டோட ஒட்டிக்கும். ரெண்டாவது கைக்கு வர்றது வெறும் சாதா கேம்தான். கேஸ் பின்பக்கம் பொடி எழுத்துல வவுச்சர், இன்டர்நெட் தேவைன்னு ஏதாவது இருக்கான்னு படிங்க. முடிஞ்சா கடையிலேயே நெட்டை அணைச்சுட்டு டிஸ்க்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

ஆற்காடு_அலாய்:

அகழி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு பாருங்க காட்பாடி. உங்க பிஎஸ்என் அக்கவுண்ட் 2021க்கு முந்தினதா? 2021 ஏப்ரல், மே மாசத்துல சோனி இதே கம்ப்ளீட் எடிஷனை பிஎஸ்4க்கு இலவசமா கொடுத்தாங்க. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கூடத் தேவையில்ல. அன்னைக்கு ஒரு தடவை தட்டியிருந்தா இன்னைக்கும் அது உங்களோடதுதான். லைப்ரரியில "வாங்கியவை" பகுதிக்குப் போய்த் தேடுங்க. தட்டிட்டு மறந்துபோனவங்க நிறைய பேர். வீட்ல அண்ணன், தங்கச்சி அக்கவுண்ட் இருந்தா அதையும் பாருங்க. அந்த அக்கவுண்ட்டுக்கு உங்க பிஎஸ்4ஐ முதன்மை கன்சோலா ஆக்கினா, உங்க அக்கவுண்ட்லயும் கேம் திறக்கும்.

அப்புறம், ஃப்ரோசன் வைல்ட்ஸ் தனி மெனுவா வராது. அதே மேப்ல வடகிழக்கு மூலையில பனூக் ஜனங்களோட 'தி கட்' பகுதியா சேரும். கதையில 'எ சீக்கர் அட் தி கேட்ஸ்'ங்கிற குவெஸ்ட் முடிஞ்சாத்தான் அதுக்கான குவெஸ்ட் கிடைக்கும். அதை முடிக்காம "வாங்கியும் காணோம்"னு புலம்புறவங்கதான் பாதிப் பேர். லெவல் 30 இருந்தா நல்லதுன்னு கேமே சொல்லுது, 27ல போய் ஸ்கார்ச்சர் மெஷின் முன்னாடி நின்னா ரெண்டு தாவுல முடிஞ்சுடும். அங்க ஊதா நிறத்துல அலையடிக்கிற கன்ட்ரோல் டவரை முதல்ல உடைங்க. அது நிக்கிற வரைக்கும் சுத்தி இருக்கிற மெஷின்களுக்கு உசுரு திரும்ப ஏறிக்கிட்டே இருக்கும். லெவல் உச்சம் 50லேர்ந்து 60 ஆகும். அதனால மெயின் கதையை முடிக்காம நடுவுல போறதுதான் சுவை. முடிச்ச பிறகு போனா அங்க கிடைக்கிற ஆயுதத்துக்கு வேலையே இருக்காது.

காட்பாடி_பேட்:

அலாய் அண்ணா, லைப்ரரியில இருக்கு! கம்ப்ளீட் எடிஷன், இலவசம்னே போட்டிருக்கு. ரொம்ப நன்றி. ஆனா டிஸ்க் உருண்டையில 3 போட்டிருக்கு. இப்ப என் சேவ் என்ன ஆகும்?

ராணிப்பேட்டை_ரீமாஸ்டர்:

அப்படின்னா டிஸ்க்கும் லைப்ரரியில இருக்கிறதும் வேற வேற எண். பிஎஸ்4 சேவை கேம் பேர்ல வைக்காது, அந்த சி-யு-எஸ்-ஏ எண்ணோட பேர்லதான் வைக்கும். எண் வேறன்னா புது கேம் பழைய சேவைப் பாக்காது. உங்க முன்னாடி ரெண்டு வழி. சேவ்தான் முக்கியம்னா ஹாங்காங், சிங்கப்பூர் மாதிரி அதே வரிசையில ஒரு அக்கவுண்ட் தொடங்கி, அங்கே ஃப்ரோசன் வைல்ட்ஸ் வாங்கி, அந்த அக்கவுண்ட்டை முதன்மையா வையுங்க. ஆனா ஆசிய வரிசைக்குள்ளேயும் ஒரே கேமுக்கு ஒன்றுக்கு மேல எண் இருக்கலாம், ஐந்து இலக்கத்தையும் பொருத்திப் பாக்காம வாங்காதீங்க. அந்த ஊர் கிஃப்ட் கார்டு அந்த ஊர் அக்கவுண்ட்ல மட்டும்தான் ஏறும்.

என் கருத்து, கையில ஏற்கெனவே இருக்கிற கேமுக்கு மறுபடி காசு கட்டாதீங்க. லெவல் 27தானே, பெரிய இழப்பு இல்ல. கம்ப்ளீட் எடிஷனை இறக்கி முதல்லேர்ந்து ஆடுங்க. ரெண்டாம் தடவை வேகமா போகும். எதை எங்க அடிக்கணும்னு தெரியும். பழைய சேவை அழிக்க வேண்டாம். கேமை நீக்கினாலும் சேவ் தனியா இருக்கும், யுஎஸ்பியிலயும் ஒரு நகல் எடுத்து வையுங்க.

பிஎஸ்5 கேள்விக்கு வர்றேன். ரீமாஸ்டர் 2024 அக்டோபர் 31ல வந்தது, பழைய கேம் வச்சிருக்கிறவங்களுக்கு அமெரிக்க ஸ்டோர்ல 10 டாலர் மேம்படுத்தல். டிஸ்க் மூலமா மேம்படுத்தினா ஆடுற ஒவ்வொரு தடவையும் அந்த பிஎஸ்4 டிஸ்க் உள்ளே இருக்கணும், அதாவது டிரைவ் இருக்கிற பிஎஸ்5 வேணும். லைப்ரரியில டிஜிட்டலா இருந்தா டிஸ்க் தொல்லை இல்ல. அந்த அக்கவுண்ட்ல உள்நுழைஞ்சு ரீமாஸ்டர் பக்கத்தைத் திறந்தா உங்களுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சுடும், அதைப் பாத்துட்டு முடிவெடுங்க.

எல்லா கேமும் ஹொரைசன் மாதிரி தாராளம்னு நினைச்சுடாதீங்க. கன்ட்ரோல் கேமை எடுத்துக்குங்க. சாதா கேமும் சீசன் பாஸும் வாங்கினவங்ககிட்ட தி ஃபவுண்டேஷன், ஏ-டபிள்யூ-இங்கிற ரெண்டு எக்ஸ்பான்ஷனும் இருக்கும். 2020ல வந்த அல்டிமேட் எடிஷன்லயும் அதே ரெண்டுதான். ஆனா பிஎஸ்5க்கு இலவச மேம்படுத்தல் அல்டிமேட் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் கிடைச்சது, முதல்லேயே முழு விலை கொடுத்தவங்களுக்கு இல்ல. பிஎஸ்4 சேவும் பிஎஸ்5க்கு வரல. உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணே, ஆனா கணினிக்கு அது வேற பொருள். முதல் நாளே வாங்கி ஆதரிச்சவங்களை இப்படி நடத்தினது சரியில்லைன்னு இன்னைக்கும் சொல்வேன்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமா டைரக்டர்ஸ் கட் நேர்மாறு. 2021 ஆகஸ்ட் 20ல இகி தீவுங்கிற கூடுதல் பாகத்தோட வந்தது. பிஎஸ்4லயே இருந்துக்கிட்டு இகி மட்டும் வாங்கலாம், பிறகு பிஎஸ்5க்கு ஏறலாம். சேவும் வரும், எடுத்த டிராஃபிகளும் கூடவே வந்துடும். வழி இதுதான். பிஎஸ்4ல யுஎஸ்பிக்கு நகல் எடுங்க, பிஎஸ்5 செட்டிங்ஸ்ல பிஎஸ்4 சேவ் பகுதியில இறக்குங்க, அப்புறம் கேமோட முதல் மெனுவுல சேவ் மாற்றும் வரியைத் தட்டுங்க. திரும்பிப் போற வழி கிடையாது. பிஎஸ்5 சேவை யுஎஸ்பிக்கு எடுக்க முடியாது, பிளஸ் சந்தாவோட கிளவுடுதான் கதி.

ஹொரைசன் ரெண்டாம் பாகம் ஃபர்பிடன் வெஸ்ட்டோட கம்ப்ளீட் எடிஷனுக்கு பிஎஸ்4ல காத்திருக்காதீங்க. அதோட எக்ஸ்பான்ஷன் பர்னிங் ஷோர்ஸ் பிஎஸ்4க்கு வராததால 2023ல வந்த கம்ப்ளீட் எடிஷனும் கன்சோல்கள்ல பிஎஸ்5ல மட்டும்தான், ரெண்டு டிஸ்க்.

ஹாஸ்டல்_ஹெச்டிடி:

குறுக்கே ஒரு கேள்வி. லேப்டாப்ல ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். ஸ்டீம்ல (பிசி கேம் ஸ்டோர்) பழைய கம்ப்ளீட் எடிஷன் விற்பனையிலேயே இல்லையே? ரீமாஸ்டர் ஓடுமா?

ராணிப்பேட்டை_ரீமாஸ்டர்:

ரீமாஸ்டர் அறிவிச்சதும் பழையதை விற்பனையிலேர்ந்து எடுத்துட்டாங்க. முன்னாடியே வாங்கினவங்க இன்னும் இறக்கலாம். ரீமாஸ்டருக்கு குறைஞ்சபட்சமே 1650 4 ஜிபி கார்டும் 16 ஜிபி ரேமும் கேக்குது. கார்டு விளிம்புல நிக்குது, ரேம்தான் இடிக்குது. இன்னொரு 8 ஜிபி குச்சி போடுங்க. அடிமூடியைக் கழட்டி இருக்கிற குச்சியோட டிடிஆர் வகையையும் வேகத்தையும் படிச்சுட்டு அதே மாதிரி வாங்குங்க. இடம் 135 ஜிபி, எஸ்எஸ்டி கட்டாயம். வாங்கின பிறகு ஓடலைன்னா ஸ்டீம்ல 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆடியிருந்தா பணம் திரும்ப வரும். டவுன்லோட் நேரம் அந்த ரெண்டு மணியில சேராது.

பக்கத்து அறையில இதே கேமை வாங்கினவர் இருந்தா 135 ஜிபி இறக்க வேண்டாம். அவர் ஸ்டீம் ஃபோல்டர்ல கேம் ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்குல நகலெடுத்து உங்க ஸ்டீம்ல அதே இடத்துல, அதே பேர்ல வையுங்க. உங்க அக்கவுண்ட்ல வாங்கின பிறகு இன்ஸ்டால் தட்டினா இருக்கிற ஃபைலைச் சரிபாத்துட்டு விட்டுப்போனதை மட்டும் இறக்கும்.

ஆற்காடு_அலாய்:

காட்பாடி, டவுன்லோட் பத்தி யாரும் சொல்லல. 30 எம்பிபிஎஸ்ல 10 ஜிபிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாம இருந்தா. ஸ்டோர் பக்கத்துல இருக்கிற அளவை அதால கணக்கு போட்டு ராத்திரி 11க்கு மேல போடுங்க. வைஃபை வேண்டாம், ரூட்டர்லேர்ந்து லேன் கம்பி இழுங்க. 500 ஜிபி பிஎஸ்4ல உபயோகத்துக்கு கிடைக்கிறது ஏறக்குறைய 407 ஜிபிதான். பேட்ச் போடும்போது கேமை முழுசா இன்னொரு நகல் எடுத்துட்டுத்தான் பழையதை நீக்கும், அதனால கேம் அளவுக்கு இன்னொரு பங்கு காலி இடம் வேணும். இடம் இல்லன்னா யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க், 250 ஜிபிக்குக் குறையாம, நேரா கன்சோல்ல சொருகுங்க. ஹப் வழியா வச்சா ஏத்துக்காது. ஃபார்மேட் பண்ணும்போது அதுல இருக்கிறது எல்லாம் போயிடும்.

அந்த நகலெடுக்கிற நேரத்துல கரண்ட் போறதுதான் ஆபத்து. டவுன்லோட் நடுவுல போனா விட்ட இடத்துல தொடரும், நகல் நடுவுல போனா கேம் கெட்டுப் போகும். பிஎஸ்4 ஸ்லிம்முக்கும் ரூட்டருக்கும் சேர்த்து 600 விஏ யுபிஎஸ் தாராளம். கெட்டுப் போச்சுன்னா கன்சோலை முழுசா அணைச்சு, பவர் பட்டனை ரெண்டாவது பீப் வரைக்கும், சுமார் 7 விநாடி, அழுத்தினா சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை கம்பியால சொருகி 5வது வரி, ரீபில்ட் டேட்டாபேஸ். சேவ் போகாது. 4வதும் 6வதும் வேற வேலை, 6 எல்லாத்தையும் அழிச்சுடும், கை தவறக் கூடாது.

சித்திரை வெயில்ல டிவி ஸ்டாண்ட் அடைப்புக்குள்ள வச்சு ஆடாதீங்க, பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்க. ஹொரைசன்ல மேப் திரையைத் திறந்தா ஃபேன் சத்தம் ஏறும், அது இந்த கேமுக்கே உள்ள குணம். மேப்பைத் திறந்து வச்சுட்டு சாப்பிடப் போகாதீங்க, சாதா பாஸ் மெனுவுல நிறுத்துங்க.

காட்பாடி_பேட்:

டிஸ்க் எண்ணையும் ஸ்டோர் எண்ணையும் பாத்துட்டேன், வேற வேறதான். முதல்லேர்ந்தே ஆடுறேன். சேவ் யுஎஸ்பிக்கு எடுத்தாச்சு, இன்னைக்கு ராத்திரி டவுன்லோட் போடுறேன். அந்த 3ஆம் நம்பர் டிஸ்க்கை விக்கலாமா?

கோட்டை_அகழி:

கம்ப்ளீட் எடிஷன் இறங்கி, திறந்து, ஸ்டோர்ல ரீமாஸ்டர் விலையும் பாத்த பிறகு வித்துடுங்க. விக்கும்போது வாங்குறவர்கிட்ட ஆசிய டிஸ்க், எக்ஸ்பான்ஷன் இந்திய ஸ்டோர்ல சேராதுன்னு எண்ணைக் காட்டிச் சொல்லிடுங்க.