புதுப்பிப்பு: குட்டையில் இருந்தது செங்கால் தவளையா, காளைத் தவளையா?

கலிபோர்னியக் கடலோரத்தில் ஈரநிலச் சீரமைப்பு நடக்கவிருக்கும் இடத்தை ஒட்டிய குட்டையில் இரவில் கண்டவை, 1996 முதல் சட்டப் பாதுகாப்பிலுள்ள செங்கால் தவளைகளா, வெளியிலிருந்து வந்து பெருகிய காளைத் தவளைகளா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. டார்ச் வெளிச்சத்தில் கண்கள் மின்னுவதை மட்டும் வைத்துப் பிரிக்க நான் முயன்றது பலிக்கவில்லை. தோல் மடிப்பைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: காளைத் தவளைக்கு அது செவிப்பறையைச் சுற்றி வளைந்து முடிந்துவிடுகிறது, செங்கால் தவளைக்கோ முதுகின் இருபக்கமும் நீளமாக ஓடுகிறது. தொலைநோக்கியில் பார்த்தபோது, குட்டையில் இரண்டுமே இருந்தன.

எதிர்பாராதது ஒன்று: மணல்திட்டு அடைத்திருந்த பக்கத்துக் காயலில் உப்பு ஆயிரத்துக்கு 12 பங்குக்கும் குறைவாக இருந்ததால், 1994இல் அழியும் இனமாகப் பட்டியலிடப்பட்ட டைட்வாட்டர் கோபி மீனுக்கும் அது ஏற்ற வாழிடம் என்று அறிக்கையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வலை போட்டுப் பார்க்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், விண்ணப்பித்திருக்கிறேன்.