எம் 77-இன் தூசு: எந்த மாடலை நம்புவது?

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக எம் 77 கேலக்ஸியின் மையத்துத் தூசை அகச்சிவப்பில் படிக்கிறேன்.

2020-இல் சிலியில் உள்ள விஎல்டிஐ-யின் (பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்துப் பார்க்கும் அமைப்பு) கிராவிட்டி கருவி, 2 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகே மெல்லிய சூடான தூசு வளையத்தைக் காட்டியது. கருந்துளை அதன் நடுவில் என்றார்கள். 2022-இல் அங்கேயே மட்டீஸ் கருவியால் 3 முதல் 13 மைக்ரான் வரை பார்த்தவர்களோ, கருந்துளை அடர்ந்த தூசுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, தூசு கருந்துளையைத் தடித்த வளையமாகச் சூழ்கிறது என்ற பழைய உளுந்துவடை வடிவ மாடல் (டோரஸ்) சரிதான் என்றார்கள். ஆனால் சர்சினஸ் என்ற இன்னொரு கேலக்ஸியில் தூசு துருவத் திசையிலும், அதாவது வளையத்துக்குச் செங்குத்தாகவும், நீள்கிறது. வடையில் இதை எங்கே வைப்பது?

என் கையில் இருப்பது எம் 77-க்கு ஐஎஸ்ஓ என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த பழைய நிறமாலை. 9.7 மைக்ரானில் சிலிக்கேட் உட்கவர்வு (தூசிலுள்ள சிலிக்கேட் ஒளியை விழுங்குவதால் வரும் பள்ளம்) தெரிகிறது. ஆனால் ஐஎஸ்ஓ கருவி ஒளியை வாங்கும் துளை (அபெர்ச்சர்) பெரிது. சுற்றியுள்ள விண்மீன் பிறப்புப் பகுதிகளின் ஒளியும் கலந்திருக்கும். அதை முதலில் கழிக்க வேண்டுமா, சேர்த்தே மாடலைத் தரவோடு பொருத்தலாமா (ஃபிட்)? வளையத்தைத் தூசு மேகத் திட்டுகளாகக் கொள்ளும் மாடல் மட்டும் போதுமா, துருவத் திசையில் தூசை வெளியே தள்ளும் காற்றையும் சேர்க்கணுமா?

கைடு இரண்டு மாடலையும் போட்டுப் பார் என்கிறார். நியாயம்தான், ஆனால் மாடலில் அளபுருக்கள் (பாராமீட்டர்கள்) நிறைய, தரவுப் புள்ளிகள் கொஞ்சம். இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன். பைத்தான் கோடு இருந்தால் இன்னும் நல்லது.