மஸ்டாங், கமாரோ, ஹெல்கேட், பழைய ஹெமி: ஓட்டும்போது எது எப்படி இருக்கும்?

காகிதத்தில் பார்த்தால் 2018 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடியும் செவ்ரொலே கமாரோ எஸ்எஸ்ஸும் இரட்டையர்கள். அது 460 ஹெச்பி, இது 455. எடையும் இரண்டுக்கும் 1,680 கிலோவை ஒட்டித்தான். சாவியைப் போட்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் போதும், வேறு வேறு வண்டி என்பது புரிந்துவிடும்.

மஸ்டாங்கின் 5.0 லிட்டர் கொயோட் இன்ஜினுக்கு வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் நாலு. 3,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) கீழே சாதுவாக இருக்கும். 4,500-ஐத் தாண்டியதும் இழுக்க ஆரம்பித்து 7,000-ல்தான் முழு ஆற்றலும் வரும். கமாரோவின் 6.2 லிட்டர் எல்டி1 பழைய மரபில் வந்த புஷ்ராட் இன்ஜின், அதாவது வால்வுகளை நீளமான கோல்கள் வழியாகத் தள்ளித் திறக்கும் வகை. 617 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (முறுக்குவிசையில்) பெரும்பங்கு அடியிலேயே கிடைக்கும், 6,000-ல் உச்சம் முடிந்துவிடும். கமாரோ பழகியவர்கள் மஸ்டாங்கில் 6,000-லேயே கியர் மாற்றிவிட்டு “வண்டி மந்தம்” என்பார்கள். இன்னும் ஆயிரம் ஆர்பிஎம் விட்டுப் பார்க்க வேண்டும். வளைவிலிருந்து வெளியேறும்போதும் அப்படித்தான்: கமாரோ மூன்றாவது கியரில் 2,500-லிருந்தே தள்ளும் இடத்தில் மஸ்டாங்கை இரண்டாவதுக்கு இறக்கியாக வேண்டும்.

ஸ்டீயரிங்கில் என் ஓட்டு கமாரோவுக்கே. கேடிலாக் ஏடிஎஸ்ஸோடு பகிர்ந்துகொண்ட ஆல்ஃபா தளம். திருப்பிய உடனே முன்சக்கரம் கடிப்பது கைக்குத் தெரியும். கண்ணுக்குத்தான் கஷ்டம். ஜன்னல்கள் குறுகல், பின்பக்கத் தூண்கள் தடிமன். சீட்டை ஒரு படி உயர்த்தி, பக்கக் கண்ணாடிகளைச் சொந்த வண்டியின் பக்கவாட்டு தெரியாத அளவுக்கு வெளியே திருப்பிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

*

மஸ்டாங்கை மேனுவல் கியர்பாக்ஸோடு ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிக ஆர்பிஎம்மில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது அதன் எம்டி-82 கியர்பாக்ஸில் கியர் போக மறுக்கும், சில நேரம் கரகரக்கும். கியர் லீவரைத் தாங்கும் பிராக்கெட்டின் பின்முனை ரப்பர் புஷ் வழியாக பாடியோடு இணைந்திருக்கிறது. முழு முடுக்கத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒருபக்கம் முறுக்கிக்கொள்ள, லீவர் இன்னொரு பக்கம் நிற்கிறது. உறுதியான பிராக்கெட் போட்டால் பெருமளவு சரியாகும். கூடவே கிளட்ச் பெடலில் உதவிக்கு இருக்கும் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். அந்த ஸ்பிரிங் பெடலை லேசாக்குகிறதே தவிர, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது. லேசான ஸ்பிரிங் போட்டதும் பிடிக்கும் இடம் காலுக்குத் தெளிவாகத் தெரியும்.

கமாரோ மேனுவலில் உள்ளது வேறு விஷயம். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது முதல் கியரிலிருந்து நேராக நாலாவதுக்குத் தள்ளிவிடும். பழுது இல்லை, எரிபொருள் மிச்சத்துக்காகவே வைத்த ஏற்பாடு. கொஞ்சம் கூடுதலாக மிதித்து மாற்றினால் இரண்டு தானாக விழும்.

*

அடுத்து ஹெல்கேட். டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டை இந்த இரண்டோடும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 2015-ல் வந்தபோதே 707 ஹெச்பி, 881 நியூட்டன் மீட்டர். ஆனால் எடை 2,000 கிலோவுக்கு மேல், அதில் 57 சதவீதம் முன்பக்கம். முன், பின் சக்கரங்களின் இடைவெளி 2,950 மில்லிமீட்டரை ஒட்டி. மஸ்டாங்குக்கு 2,720 மட்டுமே. இந்த நீளம்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. பின்பக்கம் வழுக்கினாலும் நிதானமாக வழுக்கும், எதிர்ப்பக்கம் திருப்ப நேரம் கிடைக்கும். மஸ்டாங்கில் அதே வழுக்கல் வெடுக்கென்று வரும். சட்டென்று மிதியை விட்டால் எதிர்ப்பக்கம் உதறவும் செய்யும்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர், இன்ஜினின் கிராங்க் தண்டோடு பெல்ட்டில் இணைந்திருப்பதால் டர்போ போல் காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் டயரில். சாதாரண ஹெல்கேட்டுக்கு நாலு பக்கமும் 275 அகலம்தான். இரண்டாவது கியரில்கூட வெறுமனே சுழலும். பாதி மிதியில் கிளம்பி, வண்டி பின்னால் அமர்ந்த பிறகு மீதியைக் கொடுப்பதே வேகமான வழி. 305 டயர் போட்ட, பாடி அகலமான வைட்பாடி ஹெல்கேட்டை ஓட்டினால் வேறு வண்டியோ என்று தோன்றும். முதல்முறை ஓட்டுபவரிடம் கறுப்புச் சாவியைக் கொடுங்கள். அதில் 500 ஹெச்பி வரைதான் வரும். முழு ஆற்றலுக்குச் சிவப்புச் சாவி.

தொடர்ந்து விரட்டினால் இன்டேக் காற்று சூடாகி, இன்ஜின் கணினி தீப்பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளும். அடுத்த ஓட்டம் கண்கூடாகத் தளர்ந்திருக்கும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறவிட வேண்டும். இதே சேலஞ்சரின் டிராக் ரேஸ் வடிவமான 2018 டெமனில் ஏசியின் குளிர்ச்சியையே, இன்டேக் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குத் திருப்பிவிட்டது இந்தச் சூட்டைச் சமாளிக்கத்தான்.

*

டயரைப் பற்றி இன்னும் ஒன்று. எந்த இரண்டு வண்டியை ஒப்பிட்டாலும் முதலில் டயரின் பெயர், காற்றழுத்தம், வெப்பம் மூன்றையும் பாருங்கள். பந்தயத் தடத்துக்கென்று தயாரான 1எல்இ கமாரோவில் வரும் டிராக் டயர் 5 டிகிரிக் குளிரில் ரப்பராகவே இருக்காது, பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும். அந்த நிலையில் ஓட்டிவிட்டு சஸ்பென்ஷனைக் குறை சொன்னால் நியாயமில்லை.

*

மஸ்டாங்கின் ஷெல்பி ஜிடி350 வடிவம் இந்த வரிசையில் தனி ரகம். 5.2 லிட்டர், 526 ஹெச்பி, 8,250 ஆர்பிஎம் வரை சுற்றும். கிராங்க் 180 டிகிரி தட்டை வகை என்பதால் எதிரெடைகள் குறைவு, ஆர்பிஎம் துள்ளி ஏறும். அதற்கு விலையாக அதிர்வு கியர் குமிழிலும் பெடலிலும் உணரும்படி வரும். தினசரி நெரிசலில் அலுப்புத் தட்டும். ஆனாலும் பொதுச்சாலை மஸ்டாங்குகளில் காதுக்கு இதுதான் விருந்து.

*

1970-ஐ ஒட்டிய வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரைஸ்லரின் பழைய வி8 இன்ஜினான ஹெமியின் 425 ஹெச்பியை இன்றைய 425 என்று நினைத்துவிடாதீர்கள். மின்னாக்கி, காற்று வடிகட்டி, புகைக்குழாய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடுத்த கணக்கு அது. 1971-ல் ஜிஎம் (செவ்ரொலேயின் தாய் நிறுவனம்) இரண்டு கணக்கையும் தந்தது; செவ்ரொலே செவெல் காரின் 454 இன்ஜினுக்கு அப்போதைய முறையில் 365, வண்டியில் பொருத்திய நிலையில் 285.

இலை ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) வைத்த பின் ஆக்ஸிலை முறுக்கினால் ஸ்பிரிங் ‘எஸ்’ வடிவில் வளைந்து விடுபடும். சக்கரம் தரையைத் தடதடவென்று அடிக்கும். 1967 கமாரோவின் ஒற்றை இலை ஸ்பிரிங்கில் இது மோசம். 1968-ல் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தது அதற்காகவே. அடிக்க ஆரம்பித்த கணமே மிதியை விடுங்கள். பிடிவாதமாக மிதித்தால் ஆக்ஸில் முறியும். 2015 மஸ்டாங்கின் தனித்தனி சஸ்பென்ஷனிலும் இதே தடதடப்பு உண்டு. அங்கே காரணம் பின் துணைச்சட்டத்தின் ரப்பர் புஷ்கள். அவற்றை நகரவிடாமல் பிடிக்கும் பட்டைகளைப் பொருத்தினால் அடங்கும்.

பழைய ஸ்டீயரிங்கில் நடுவே தெரியும் தளர்வை எல்லாரும் ஸ்டீயரிங் கியர் பெட்டியின் மேல் திருகை இறுக்கியே சரிசெய்யப் பார்க்கிறார்கள். வரிசை முக்கியம். முதலில் சக்கரங்களைத் திருப்பும் டை ராட் கம்பிகளின் முனைகள், அடுத்து பெட்டிக்குள் இருக்கும் வார்ம் (திருகுப்பல் தண்டு) பேரிங்கின் இறுக்கம், கடைசியில்தான் சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் மேல் திருகு. அதை அளவுக்கு மீறி இறுக்கினால் வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது.

டிரம் பிரேக் வண்டி வேகத்திலிருந்து ஒருமுறை நன்றாக நிற்கும். அடுத்தடுத்து மிதித்தால் டிரம் சூட்டில் விரிந்து, உராயும் பட்டையான லைனிங்கிலிருந்து விலகும், பெடல் கீழே போகும், வண்டி ஒருபக்கம் இழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் முன்கூட்டியே கியரை இறக்கிவிடுங்கள். தண்ணீரில் போய் வந்தால், இடதுகாலால் லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி லைனிங்கை உலர்த்திய பிறகே வேகம் எடுங்கள்.