புதுப்பிப்பு: கடை வைஃபைக்கு எந்தப் பாதுகாப்பு முறை? முடிவு செய்துவிட்டேன்

புளியரையில் என் ஜெராக்ஸ் கடை ரூட்டரில் டபிள்யூபிஏ2, அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 என்று பாதுகாப்பு முறைகளை வரிசையாகக் காட்டுகிறதே, எதை வைப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தேன். ஃபோன்கள் உடனே இணைந்தன. பிரிண்டர் இணையவே இல்லை. அந்த முறை வந்ததே 2018-இல்தான், என் பிரிண்டர் அதைவிடப் பழசு. இரண்டும் கலந்த முறையிலும் அது மசியவில்லை. சரி என்று ரூட்டரின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு டபிள்யூபிஏ2 வைத்து அதில் பிரிண்டரையும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு டபிள்யூபிஏ3 வைத்து அதில் ஃபோன்களையும் என்று பிரித்தேன். ரெண்டும் ஒரே ரூட்டரின் உள்வலைதான் என்பதால் ஃபோனிலிருந்து பிரிண்ட் போகிறது. டபிள்யூபிஏ2-இல் தகவலைப் பூட்டி அனுப்பும் குறியாக்க முறையாக ஏஇஎஸ், டிகேஐபி என்று காட்டினால், ஏஇஎஸ் மட்டும் வையுங்கள். டிகேஐபி பழையது, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.

பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனாலோ பின் நம்பராலோ வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அதன் 8 இலக்கப் பின் நம்பரை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாமாம். 2011-லேயே வெளிவந்த விஷயம், எனக்கு இப்போதுதான் தெரியும். ஊர்க்காரர்களின் ஆதார் நகல்கள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, நினைத்தாலே பதறுகிறது.

ஆரியங்காவு போகும் ஐயப்ப பக்தர்கள் சீசனில் வைஃபை கேட்பார்கள். அவர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க், தனி பாஸ்வேர்டு. அங்கிருந்து கடைக் கம்ப்யூட்டரைத் தொட முடியவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன்.