கலைச்சொல் விவாதம்: உலாவி ‘கிராஷ்’ ஆவது முறிவா, செயலிழப்பா, இறலா?

குழுவினருக்கு வணக்கம். உலாவி உதவிப் பக்கத்தின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். கிராஷ் (நிரல் திடீரென நின்று மூடிக்கொள்வது), மெமரி லீக் (பயன்படுத்தி முடித்த நினைவகத்தை நிரல் திருப்பித் தராதது), அவுட் ஆஃப் மெமரி (நினைவகம் தீர்ந்துபோவது) மூன்றும் இழுபறியில் இருக்கின்றன. இப்போதைக்கு எல்லாவற்றுக்கும் ‘நினைவகப் பிழை’ என்று போட்டிருக்கிறோம். பொத்தானில் 20 எழுத்துக்குமேல் இடமில்லை.

———

> எல்லாவற்றுக்கும் ‘நினைவகப் பிழை’

சரிவராது. நோய் இரண்டு, மருந்தும் இரண்டு.

நினைவகம் தீர்ந்துபோவது ஒன்று. குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் பணி மேலாளர் வரும். ஏதோ ஒரு தாவலின் நினைவக எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தாவலை மூடினால் தீர்ந்தது. 32 பிட் உலாவி என்றால் கணினியில் 16 ஜிபி இருந்தும் பயனில்லை, ஒரு செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) 4 ஜிபி நினைவக முகவரிக்கு மேல் எட்டாது. 64 பிட் பதிப்புக்கு மாறச் சொல்ல வேண்டும்.

தனக்கு உரிமையில்லாத முகவரியை நிரல் தொடுவது மற்றொன்று. பாதி நினைவகம் காலியாக இருந்தாலும் விழும். நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) நிறுத்திப் பார்க்க வேண்டும், வன்பொருள் முடுக்கத்தை (ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்) அணைக்க வேண்டும், வரைகலை இயக்கியை (கிராஃபிக்ஸ் டிரைவர்) புதுப்பிக்க வேண்டும். வெற்றுத் தாவலிலும் விழுகிறது, மற்ற நிரல்களும் விழுகின்றன என்றால் ரேமைச் சந்தேகிக்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல் ஒரு முழுச் சுற்றாவது ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் அட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதுதான்.

முன்னது ‘நினைவகப் பற்றாக்குறை’, பின்னது ‘அணுகல் மீறல்’. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், ரேம் கெட்டவர் தாவல்களை மூடிக்கொண்டே இருப்பார்.

———

பற்றாக்குறைக்கு உடன்படுகிறேன். முன்பு ஒருவர் சொன்ன ‘நினைவிழப்பு’ வேண்டாம். உலாவி மயங்கி விழுந்ததுபோல் இருக்கிறது.

கிராஷுக்கு நம்மிடமே சொல் உண்டு. குறள் 475இல் ‘அச்சிறும்’ என்று வருகிறதே, அந்த இறு. பீலி (மயிலிறகு) ஏற்றிய வண்டியானாலும் அளவு மிஞ்சினால் அச்சு இறும். ஒவ்வொரு தாவலும் ஒரு பீலிதான்! ‘இற்றுப்போன கயிறு’ என்று இன்றும் பேசுகிறோம். இறுதி, இறுவாய் எல்லாம் இதன் கிளைகள். வரி இறுத்தலில் உள்ள இறு வேறு, அதைக் குழப்ப வேண்டாம். ஆகவே ‘இறல்’.

———

ஐயா, குறள் பொருத்தம் அருமை. ஆனால் ‘இறலறிக்கை’ என்று பொத்தானில் கண்டால் இறப்பறிக்கை என்றே வாசிப்பார்கள். மேலும் அணுகல் மீறலில் பாரமே இல்லையே, அச்சு ஏன் இறும்?

செயலிழப்பிலும் சிக்கல் உண்டு. சாளரம் திறந்தபடி பதில் தராமல் நிற்பதும் செயலிழப்புதான். கிராஷில் செயல்முறையே போய்விடுகிறது. முறி என்றால் முறிந்தது, முறிந்த தாவல், முறிவறிக்கை என எல்லா வடிவமும் தடையின்றி வருகிறது. எண்ணியும் பார்த்தேன். அந்த 20 நம் எழுத்துக் கணக்கல்ல, யூனிகோடு குறியுருக் கணக்கு. ‘மு’ அதில் இரண்டு (‘ம’ ஒன்று, உகரக் குறி ஒன்று). ‘முறிவறிக்கை அனுப்பு’ 19. ‘செயலிழப்பு அறிக்கை அனுப்பு’ 26.

———

மெமரி லீக்கை மறந்துவிட்டோம். ‘கசிவு’ எனக்கு ஒப்பில்லை. கசியும் பானையிலிருந்து நீர் வெளியேறும். இங்கே எதுவும் வெளியேறவில்லை, நிரல் பிடித்ததை விடாமல் வைத்திருக்கிறது. பக்கத்திலிருந்து நீக்கிய உறுப்பை ஏதாவது ஒரு மாறி இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால் குப்பை சேகரிப்பான் (வேண்டாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் பகுதி) அதைத் தொடாது. அதனால் ‘விடாப்பிடி’.

———

> அதனால் ‘விடாப்பிடி’

சிரித்தேன், பொருளும் சரிதான். ஆனால் கணினியின் பக்கமிருந்து பாருங்கள், கையிருப்பு கரைகிறது. கசிவு இருக்கட்டும், படித்த உடனே புரிகிறது.

———

நேரமில்லை. முறிவுக்கு நான்கு பேர், செயலிழப்புக்கு இருவர், இறலுக்கு ஒருவர். முறிவு, நினைவகக் கசிவு, நினைவகப் பற்றாக்குறை, அணுகல் மீறல் என்று கோப்பில் ஏற்றுகிறேன். பதில் தராமல் நிற்பதற்கு இப்போதைக்கு ‘உறைவு’. அதைத் தனி இழையில் பேசுவோம்.

———

அந்த ஒருவர் அடியேன்தான். எலும்புக்கும் மணத்துக்கும் உலாவிக்கும் ஒரே முறிவா? என் மறுப்பைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.