வேட்டைக்குப் போகும் பெண்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பனித்தடம்:
மான் வேட்டைக் காணொளிகளில் இப்போது பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி ஒருவரோடு காட்டுக்குப் போனவர் யாராவது உண்டா? நடந்ததை மட்டும் எழுதுங்கள். வேட்டை சரியா தப்பா என்ற சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்வோம்.

மேப்பிள்:
நான் போயிருக்கிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்த்தபோது, அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். நவம்பரில் ஒன்பது நாள் மான் சீசன் வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. "சும்மா கூட வந்து உட்கார்" என்றார்.

விடியும் முன்பே மரத்தில் கட்டிய பரணுக்குப் போய்விட்டோம். தரையிலிருந்து காலை எடுக்கும் முன்பே இடுப்பு வாரை மரத்துக் கயிற்றில் மாட்டினார். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறவில்லை. தோட்டா போடாமல் கீழே கயிறு கட்டி வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்த பிறகுதான் இழுத்தார். சின்னக் குப்பியிலிருந்து பொடியை ஊதி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். அப்புறம் நான்கு மணி நேரம் ஒரு பேச்சும் இல்லை. எனக்குக் கால் மரத்துப்போனது.

ஒரு பெண்மான் வந்தது. துப்பாக்கி தோளுக்குப் போனது, ஆனால் சுடவில்லை. மான் எங்களுக்கு நேராக முகத்தைக் காட்டி நின்றதாம். விலாப்பக்கம் தெரிந்தால்தான் சுடுவாராம். அது திரும்பாமலே போய்விட்டது. சாயங்காலம் இன்னொன்று கிடைத்தது. கத்திமுனை குடலில் படாமல் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து வயிற்றைக் கீறினார். குளிரில் ஆவி பறந்தது. நான் கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2014இல் ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் என்ற வேட்டை இதழின் அட்டையில் வேட்டைக்காரி ஈவா ஷாக்கி வந்ததைப் பற்றிக் கேட்டேன். "நல்லதுதான். என் அளவுக்குப் பேன்ட் தைக்க ஆள் வந்ததும் அப்புறம்தான்" என்றார். அங்கே உள்ள ஸ்டீவன்ஸ் பாயின்ட் பல்கலைக்கழகம் 1991இல் பெண்களுக்கென்று தொடங்கிய பயிற்சியில்தான் இவர் துப்பாக்கி பிடிக்கக் கற்றாராம். 2016இல் அந்த மாநிலம், மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காகப் போடும் பளீர் ஆரஞ்சோடு பளீர் பிங்க் உடுப்புக்கும் அனுமதி கொடுத்ததைச் சொன்னால் மட்டும் கோபம் வரும். "பிங்க் கொடுத்தால்தான் வருவோம் என்று எவன் சொன்னான்?"

நாண்விரல்:
பேன்ட் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் வில்காரி. முதல் வருடம் அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நாண் தொளதொளத்த கையில் தட்டி, அம்பு புதருக்குள் போனது, மான் வேறு பக்கம் போனது.

அடுத்த வருடம் ஒன்று கிடைத்தது, படம் போட்டேன். முதல் கேள்வி, "புருஷன் அடித்ததா?" அதே வாரம் அண்ணனும் படம் போட்டான். அவனிடம் கொம்பில் எத்தனை கிளை என்று மட்டும் கேட்டார்கள். கடுப்பில், தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலையில் 2018இல் தோண்டி எடுத்த 9,000 வருடத்துப் பெண்ணின் செய்தியை என் படத்துக்குக் கீழே ஒட்டினேன். பதின்வயதுக்காரி, ஈட்டிமுனைகளோடு புதைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு லைக். அதுவும் அண்ணன் போட்டது.