திவா ஃபவுஸ்டினா நாணயம்: பின்பக்கத்தில் நிற்பவள் யார்?

கேள்வி:
ஏலத்தில் வாங்கிய ரோமானிய நாணயம் ஒன்று என்னிடம் உள்ளது. முன்பக்கத்தில் ஒரு பெண்ணின் தலையும் 'திவா ஃபவுஸ்டினா' என்ற பெயரும் இருக்கின்றன. பின்பக்கத்தில் 'ஏட்டெர்னிடாஸ்' என்ற சொல்லோடு, வலக்கையை உயர்த்தி இடக்கையில் நீண்ட கோலைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள். எடை 11.8 கிராம். அந்தப் பெயரில் தாயும் மகளுமாக இரண்டு அரசியர் உண்டு; இது தாய் ஃபவுஸ்டினாவா, மகளா? நிற்பவள் எந்தத் தெய்வம்? ரோமானியரின் சிறுகாசு வகைகளில் இதை ஆஸ் என்பதா, டூபோண்டியஸ் என்பதா? விற்றவர் 'வெண்கலம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுமொழி 1:
தாயாகவே இருக்க வேண்டும். பேரரசர் அன்டோனினஸ் பயஸின் மனைவியான அவர் கி.பி. 140 இறுதியில் இறந்ததும் செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. 'திவா' என்பது அதைத்தான் குறிக்கிறது. மகள் இறந்தபின் வெளியானவற்றில் பெரும்பாலும் 'பியா' என்ற சொல்லும் சேர்ந்து வரும். கூந்தலையும் பாருங்கள்: பின்னல்களைச் சுருட்டி உச்சியில் கொண்டையிட்டிருந்தால் தாய், பிடரியில் இருந்தால் மகள்.

மறுமொழி 2:
'ஏட்டெர்னிடாஸ்' என்றால் நித்தியம். ஆனால் அது நிற்பவளின் பெயராக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை, தெய்வமாகிவிட்ட அரசியின் நிலையைச் சொல்வதாகவும் இருக்கலாம். கையில் உருண்டையோ அதன்மேல் ஃபீனிக்ஸ் பறவையோ இருந்தால் நித்தியதேவி, தானியக் கதிரும் தீவட்டியும் இருந்தால் விளைச்சல் தெய்வமான சீரிஸ் என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். உயர்த்திய கையும் செங்கோலுமாக நிற்பவளை நாணயப் பட்டியல்கள் ரோமானியரின் தேவராணியான ஜூனோ என்கின்றன. ஜூனோவுக்குரிய மயில் காலடியில் இல்லாததால் எனக்கு அதில் முழு நிறைவில்லை.

மறுமொழி 3:
பேரரசர்களின் நாணயம் என்றால் தலையில் கதிர்முடி (சூரியக் கதிர்கள் போன்ற முனைகளுள்ள முடி) இருக்கிறதா என்று பார்த்தே டூபோண்டியஸை அடையாளம் கண்டுவிடலாம். அக்கால அரசியருக்கு அந்த முடி கிடையாது; எடையும் இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதால் உலோகத்தைத்தான் நம்ப வேண்டும். இரண்டு ஆஸுக்குச் சமமான டூபோண்டியஸ் பித்தளை, ஆஸ் செம்பு. அதற்காகக் களிம்பைச் சுரண்டிவிடாதீர்கள். அது போனால் நாணயத்தின் மதிப்பும் போய்விடும். விளிம்பில் பழைய வடு ஏதேனும் இருந்தால் பகல் வெளிச்சத்தில் அதன் நிறத்தைப் பாருங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கொண்டை உச்சியில்தான் இருக்கிறது. விளிம்பில், 'எஸ்' எழுத்துக்கு நேராக, நெல்மணி அளவுக்கு ஒரு வடு உண்டு; உருப்பெருக்கியில் அது மஞ்சளாகவே தெரிகிறது. உறையில் டூபோண்டியஸ் என்று எழுதிவிட்டேன். ஜூனோவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன்.